சொற்பட்டியலோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு

போட்டித் தேர்வுக்காகவும் நாலு பேர் முன்னால் மதிப்புக்காகவும் அரிய ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



மாவட்ட மைய நூலகத்தின் வாசிப்பறையில், பேருந்தின் ஜன்னலோர இருக்கையில், பயிற்சி மையத்தின் மாடிப்படியில் உங்களைப் பார்க்கிறேன். மடியில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு. இடதுபக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலதுபக்கம் ஒற்றை வரியில் பொருள். 'லகானிக்' என்றால் சுருக்கப் பேச்சுக்காரர். 'டைரோ' என்றால் கற்றுக்குட்டி. 'அக்ஸோரியஸ்' என்றால் பெண்டாட்டிதாசன். கண்ணை மூடி ஒருமுறை முணுமுணுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறீர்கள். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேள்வித்தாளில் 'ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன்' இருக்கும்வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

என் கவலையெல்லாம் தேர்வு முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி. அந்தக் கட்டில் இருந்த சொற்கள் வேலை விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் உங்கள் கூடவே வந்துவிடுகின்றன. ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு என்பதால், விண்ணப்பங்களைத் திருத்தித் தரச்சொல்லிப் பலர் கொண்டுவருவார்கள். ஒரு பையன் தன்னிடம் நல்ல சக்திவாய்ந்த மடிக்கணினி இருக்கிறது என்பதைச் சொல்ல 'பியூயிஸன்ட் லேப்டாப்' என்று எழுதியிருந்தான். ஏனப்பா இப்படி என்று கேட்டேன். பட்டியலைப் பிரித்துக் காட்டினான். அவன் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல்லுக்கு நேரே 'பவர்ஃபுல்' என்றுதான் அச்சாகியிருந்தது. அது மன்னர்களுக்கும் படைகளுக்கும் பழைய காவியத்து வீரர்களுக்கும் போட்ட அடைமொழி, இன்றைக்கு இங்கிலாந்திலேயே யாரும் வாயால் சொல்வதில்லை என்பதைப் பட்டியல் அவனிடம் சொல்லவில்லை. 'மாட்சிமை தங்கிய மடிக்கணினி' என்று தமிழில் யாராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? படிக்கும் ஆங்கிலேயருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பொருளை மட்டும் கொடுக்கும் பட்டியல் பாதிச் சொல்லைத்தான் கொடுக்கிறது. மீதிப் பாதி, அதை யார், எப்போது, எந்த வாக்கியத்தில் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது. ஆங்கிலேயர்களே இதைக் கண்டுபிடிக்க இருநூறு முந்நூறு ஆண்டுகள் பட்டபாடு பெரிது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். தேர்வுக்கு உதவாது, ஆனால் சுவையானது.

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதியும் உங்கள் கையில் இருப்பதைப் போன்ற ஒரு கடுஞ்சொல் பட்டியல்தான். 1604-இல் வெளிவந்த 'எ டேபிள் ஆல்ஃபபெட்டிகல்'. செய்தவர் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர். பாதிரியாராகவும் இருந்து, பியூரிட்டன் சாய்வு காரணமாகப் பதவியை இழந்தவர். சுமார் 2,500 சொற்கள். நாய், வீடு, மழை என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் எதற்கும் அதில் இடமில்லை. லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய கடினமான சொற்கள் மட்டும். லத்தீன் கற்கும் வாய்ப்பில்லாத சீமாட்டிகளும் மற்ற 'பயிற்சியற்றவர்களும்' திருச்சபைப் பிரசங்கத்தைப் புரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். அகர வரிசையில் தேடுவது அன்றைய சாதாரண வாசகருக்குப் பழக்கமில்லை. அதனால், 'ஏ' என்று தொடங்கும் சொல்லைப் புத்தகத்தின் முன்பக்கம் தேடு, 'வி' என்று தொடங்கினால் கடைசிப்பக்கம் போ என்று வாசகருக்கு வழி சொல்லவும் வேண்டியிருந்தது. அந்த முதல் பதிப்பில் இன்றைக்கு எஞ்சியிருப்பது ஒரே பிரதி, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடுஞ்சொற்களுக்கு அகராதி போட்ட காட்ரி, முன்னுரையில் கடுஞ்சொற்களைக் கொட்டிப் பேசுகிறவர்களைத் திட்டுகிறார். அந்தத் திட்டும் சொந்தச் சரக்கில்லை. 1553-இல் தாமஸ் வில்சன் எழுதிய சொற்கலை நூலிலிருந்து எடுத்தது. மாட்டுக் கொம்பில் மை ஊற்றி வைத்துக்கொண்டு எழுதிய காலம் அது. படித்த திமிரில் லத்தீனைக் குழைத்து எழுதும் சொற்களுக்கு 'இங்க்ஹார்ன்' சொற்கள், அதாவது மைக்கொம்புச் சொற்கள் என்று பேர். அவற்றையே நிரப்பி ஒரு போலிக் கடிதம் எழுதிக் கிண்டலடித்தார் வில்சன். அந்தக் கடிதத்தில் அவர் கேலிக்காகப் போட்ட சொற்களில் 'ஆப்டெஸ்டேட்', 'ஸ்ப்ளெண்டிடியஸ்' எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் அதே கடிதத்தில் இருந்த இன்னொரு கேலிச்சொல் 'செலிப்ரேட்'. பிறந்தநாள் கேக் வெட்டும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் வரும் அதே செலிப்ரேட். 'ஃப்ரிவலஸ்', 'சுப்பீரியாரிட்டி' இரண்டும் அதே கடிதத்தில் கிண்டலுக்கு ஆளானவைதான். எது வாழும், எது சாகும் என்று வில்சனாலும் ஆரூடம் சொல்ல முடியவில்லை. ஆகவே அரிய சொல் என்றாலே ஆகாது என்று நான் வாதாடவில்லை. மக்கள் எடுத்துக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி.

1623-இல் ஹென்றி காக்கரம் வந்தார். 'இங்கிலிஷ் டிக்ஷனரி' என்று தன் நூலுக்கு முதலில் பேர் வைத்தவர் இவர். நூலை மூன்று பங்காகப் பிரித்தார். முதல் பங்கு கடுஞ்சொற்களுக்கு எளிய பொருள். இரண்டாவது பங்கு தலைகீழ்: இடதுபக்கம் தெருவில் பேசும் சாதாரணச் சொல், வலதுபக்கம் அதற்குப் பதிலாகப் பந்தாவாகச் சொல்லவேண்டிய சொல். 'மதிப்பெண் கூட வேண்டுமா, இப்படி எழுதுங்கள்' என்று இன்றைக்குக் காணொளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதற்கு இவர்தான் பாட்டனார். சீமாட்டிக்கு உடை உடுத்திவிட்டுக் களைந்தும் விடும் பணிப்பெண்ணுக்கு 'கமோட்ரிக்ஸ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார். குதிரையேறிப் போய்விடுவதற்கு 'அபெக்விடேட்'. லத்தீன் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாலில் ஆங்கில விகுதியை ஒட்டிச் செய்த சொற்கள் பல. அவருடைய நூலுக்கு வெளியே யாராவது அவற்றை வாழ்க்கையில் எழுதினார்களா என்று தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் காலம். தாமஸ் பிளவுண்ட் என்ற வழக்கறிஞர் 1656-இல் 'கிளாசோகிராஃபியா' போட்டார். இரண்டே ஆண்டில், கவிஞர் மில்டனின் சகோதரி மகன் எட்வர்ட் ஃபிலிப்ஸ் வேறொரு அகராதி போட்டார். தன் உழைப்பு அப்படியே அதில் இடம் மாறியிருப்பதைப் பார்த்துக் கொதித்த பிளவுண்ட், 1673-இல் அந்த நூலின் பிழைகளைத் தொகுத்துத் தனிப் புத்தகமே வெளியிட்டார். கடுஞ்சொல் அகராதிகள் இப்படித்தான் ஒன்றின் வயிற்றிலிருந்து ஒன்று பிறந்தன. உங்கள் ஜெராக்ஸ் கட்டின் வம்சாவளியையும் ஒருநாள் யாராவது ஆராய வேண்டும்.

இந்தச் சுழலை உடைத்தவர் சாமுவேல் ஜான்சன். லண்டனில் கஃப் ஸ்கொயர், 17-ஆம் எண் வீட்டு மச்சில், பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆறு எழுத்தர்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். மூன்று ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒன்பது ஆண்டு இழுத்தது. 1755 ஏப்ரல் 15 அன்று வெளிவந்த அகராதியில் ஏறத்தாழ 42,000 சொற்கள். அதைவிட முக்கியம், 1,10,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். முதலில் புத்தகங்களைப் படிப்பார். பிடித்த சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுவார். ஓரத்தில் அதன் முதலெழுத்தைக் குறிப்பார். எழுத்தர்கள் அந்த வாக்கியத்தைச் சீட்டில் பிரதி எடுப்பார்கள். இரவல் கொடுத்த நண்பர்களுக்குப் புத்தகம் என்ன கதியில் திரும்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாக்கியம் முதலில், பொருள் அதற்குப் பிறகு. காட்ரியும் காக்கரமும் செய்ததற்கு நேர் எதிர்த்திசை.

ஓட்ஸ் தானியத்துக்கு ஜான்சன் எழுதிய கேலி விளக்கம் எல்லோரும் சொல்லிச் சலித்தது, விட்டுவிடுவோம். என்னைக் கவர்ந்தவை வேறு. 'ஸ்மெல்ஃபீஸ்ட்' என்று ஒரு சொல்: நல்ல சாப்பாடு எங்கே என்று மோப்பம் பிடித்துப் போய் உட்காருகிறவன். படைக்குப் பிந்திப் பந்திக்கு முந்தும் ஆசாமி. 'பேக்ஃப்ரெண்ட்': நண்பன் போல இருந்து உள்ளுக்குள் பகை வளர்ப்பவன், கூட இருந்தே குழி பறிக்கிறவன். 'பிக்தேங்க்': யாரும் கேட்காமலே ஓடிப்போய் ஏதாவது செய்து நல்ல பேர் வாங்கப் பார்ப்பவன். எல்லா அலுவலகத்திலும் ஒருவர் உண்டு, பேர் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபாப்டூடில்' என்றால் ஒன்றுக்கும் உதவாத முட்டாள். சொல்லும்போதே வாய் அதை நம்புகிறது.

'கிஸ்ஸிங் கிரஸ்ட்' என்று இன்னொன்று. அடுப்பில் ரொட்டிகளை நெருக்கி வைத்து வேகவிடும்போது ஒரு ரொட்டி பக்கத்து ரொட்டியைத் தொடும் இடத்தில் உண்டாகும் மேலோடு. நம்மூர் பேக்கரித் தட்டில் பன்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெந்திருக்கும்; பிய்த்து எடுக்கும்போது பழுப்பேறாமல் வெள்ளையாக, மெத்தென்று ஒரு பக்கம் தெரியுமே, அதேதான். தேர்வில் இந்தச் சொல் வரவே வராது. ஆனால் இதைப் படித்த பிறகு பேக்கரியில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஜான்சனிடம் நான் மதிப்பது, தெரியாததைத் தெரியாது என்று அச்சிலேயே சொன்னதை. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் 'டிரால்மிடேம்ஸ்' என்ற சொல்லுக்கு நேரே, இதன் பொருள் எனக்குத் தெரியாது என்று எழுதி வைத்தார். சிறு உருண்டைகளைத் துளைகளுக்குள் உருட்டிவிடும் ஒரு விளையாட்டு அது. குதிரைக் காலின் ஒரு பகுதிக்கு 'முழங்கால்' என்று அவர் தவறாகப் பொருள் எழுதியதைப் பற்றி ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமைதான் காரணம் என்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டதாக அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் சொல்கிறார். இன்னொன்றும் செய்தார். பழைய அகராதிகளில் மட்டுமே கிடைத்த சொற்களுக்கு எதிரே 'அகராதி' என்பதன் சுருக்கத்தையோ, பெய்லி, ஃபிலிப்ஸ் போன்ற அகராதிக்காரர்களின் பேரையோ போட்டார். அகராதிக்காரர்களின் நூலைத் தவிர வேறு எந்தப் புத்தகத்திலாவது இவை இருக்கின்றனவா என்று எனக்கே உறுதியில்லை என்று முன்னுரையில் எச்சரித்தார். உங்கள் பட்டியலில் இப்படி ஓர் எச்சரிக்கை எந்தப் பக்கத்திலாவது இருக்கிறதா, புரட்டிப் பாருங்கள்.

அகராதியில் மட்டும் வாழும் சொற்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு சான்றுகள். 'அபகாட்' என்று ஒரு சொல் பல அகராதிகளில் இருந்தது. இங்கிலாந்து மன்னர்கள் அணிந்த, இரண்டு கிரீட வடிவில் அமைந்த தொப்பி என்று அழகாகப் பொருளும் இருந்தது. உண்மையில் அது 'பைகாக்கெட்' என்ற பழைய தொப்பியின் பேர். ஒருவர் பிழையாகப் பிரதி எடுக்க, அடுத்தவர் அதைச் 'சீராக்க', மூன்றாமவர் அதற்குப் பொருளை விரிக்க, இல்லாத சொல் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. இப்படிப்பட்டவற்றுக்கு மொழியறிஞர் வால்டர் ஸ்கீட் 1886-இல் 'கோஸ்ட் வேர்ட்ஸ்', பேய்ச்சொற்கள், என்று பேர் வைத்தார்.

அமெரிக்காவின் பெருமைமிக்க வெப்ஸ்டர் அகராதியின் 1934 பதிப்பில் நடந்தது இன்னும் வேடிக்கை. வேதியியல் பதிப்பாசிரியர் 1931 ஜூலையில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்ற எழுத்து 'டென்சிட்டி', அதாவது அடர்த்தி என்பதற்குச் சுருக்கக் குறியாக வரும் என்று. 'அல்லது' என்பதற்கான 'ஆர்' நடுவில், இருபுறமும் 'டி'. சீட்டு சுருக்கக் குறிகளின் அடுக்குக்குப் போகாமல் சொற்களின் அடுக்குக்குப் போய்விட்டது. நான்கு எழுத்தும் ஒன்று சேர்ந்து 'டோர்ட்' என்று ஒரு சொல் பிறந்தது. பொருள்: அடர்த்தி. உச்சரிப்புக் குறிப்பும் கொடுத்தார்கள். 1939 பிப்ரவரி 28 அன்று ஒரு பதிப்பாசிரியர், இந்தச் சொல்லுக்குச் சொற்பிறப்பு விவரம் ஏன் இல்லை என்று யோசித்துத் தேடப்போனார். குட்டு வெளிப்பட்டது. அச்சுப் பக்கத்திலிருந்து முழுசாக ஒழிய 1947 ஆயிற்று. பொருள் இருந்தது, உச்சரிப்பு இருந்தது. அதைச் சொன்ன ஒரு மனிதர்தான் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததைப் பட்டென்று சொல்லும் கதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியுடையது. லண்டனின் மொழியியல் சங்கம் 1857-இல் தொடங்கிய வேலை அது. ஆங்கிலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் பயன்பாட்டிலிருந்து ஆண்டு வாரியாக மேற்கோள் திரட்ட வேண்டும். தொண்டர்கள் பழைய நூல்களைப் படித்துச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். 1879-இல் ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றபோது டன் கணக்கில் சீட்டு மூட்டைகள் வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் உயிருள்ள எலிக் குடும்பம். அதையெல்லாம் சுத்தம் செய்து அடுக்கிப் பார்த்தபோதுதான் உண்மையான இடி விழுந்தது. 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு 50 சீட்டுகள். 'அப்யூஸ்' என்ற, எல்லோரும் சொல்லும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. படித்தவர்கள் எல்லாம் புத்தகத்தில் அபூர்வமான சொல் கண்ணில் பட்டதும் துள்ளிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் சொல்லை ஒருவரும் சீந்தவில்லை. பிறகு மர்ரேயும் உதவியாளர்களும் அந்தச் சாதாரணச் சொற்களுக்கான மேற்கோளைத் தாங்களே உட்கார்ந்து தேட வேண்டி வந்தது. அதன் பின் வாசகர்களுக்கு அவர் அனுப்பிய வேண்டுகோளில், சாதாரணச் சொற்களையும் குறித்து அனுப்புங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

தம்பி, தங்கை, உங்கள் கட்டில் இருப்பதெல்லாம் அப்யூஷன். நேர்காணலில் உங்களைக் காப்பாற்றப்போவது அப்யூஸ்.

அந்த அகராதி 1928-இல் முடிந்தது; மர்ரே அதற்கு 13 ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். கடினமான சொற்கள்தான் அவர்கள் உயிரை வாங்கியிருக்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. இப்போது நடக்கும் திருத்தப் பணியில் 'ரன்' என்ற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் பிரிக்கப்பட்டன. அதைச் செய்த பதிப்பாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. மூக்கு ஒழுகுவதற்கும் ரன், கடை நடத்துவதற்கும் ரன், தேர்தலில் நிற்பதற்கும் ரன், துணியில் சாயம் இறங்குவதற்கும் ரன். 'அக்ஸோரியஸ்' என்ற சொல்லுக்கு ஒரே வேலைதான். அதை எழுதி முடித்துவிட்டு அகராதிக்காரர் மதியமே வீட்டுக்குப் போய்விடலாம்.

1978-இல் லாங்மன் நிறுவனம் அயல்மொழி மாணவர்களுக்கென ஓர் அகராதி போட்டது. அதில் எல்லாச் சொற்களுக்கும் பொருள் சொல்ல அவர்கள் வைத்துக்கொண்ட சொற்கள் ஏறத்தாழ 2,000 மட்டுமே. அந்த 2,000-ஐக் கையாளத் தெரிந்தால் மற்றதையெல்லாம் விளக்கிவிடலாம். இதற்கு நேர்மாறாக ஜான்சன் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லுக்கு அதைவிடப் பத்து மடங்கு கடினமான விளக்கம் எழுதி இன்றுவரை கேலிக்கு ஆளாகிறார். எளிய சொல்லை விளக்குவது அவ்வளவு லேசில்லை என்று அவரே முன்னுரையில் வருத்தப்பட்டிருக்கிறார்.

பழைய சொல் எல்லாம் செத்த சொல் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஊரில் செத்தது என்று கேட்க வேண்டும். காரின் பின்பக்கப் பெட்டியை நாம் 'டிக்கி' என்கிறோம். இங்கிலாந்தில் அது குதிரை வண்டிக்குப் பின்னால் வேலைக்காரர் உட்காரும் இருக்கை. பிறகு பழைய மோட்டார் வண்டிகளில் பின்னால் மடக்கித் திறக்கும் இருக்கை. அங்கே வண்டியும் போயிற்று, சொல்லும் போயிற்று. இங்கே கோயம்பேட்டில் வாடகைக் கார்க்காரர் தினமும் அதைத் திறந்து மூடுகிறார். 'ஸ்டெப்னி' இன்னும் நல்ல கதை. முதல் கார்களுக்கு உதிரிச் சக்கரமே கிடையாது. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பொருத்தி ஓட்டக்கூடிய ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். தெருவின் பேர் சக்கரத்துக்கு வந்தது. பிரிட்டனில் இன்றைக்கு அதைக் கேட்டால் முழிப்பார்கள். நம் பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டால் கழற்றி எடுத்துக் கையில் கொடுப்பார்.

நம்மிடமிருந்து அங்கே போன சொற்களும் உண்டு. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886-இல் வெளிவந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய விநோதச் சொற்களுக்கான அகராதி. பர்னெல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதி, அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். நூல் அச்சில் வருமுன் 1882-இல் இறந்துவிட்டார். அதில் நம் கட்டுமரம் 'கேட்டமரான்' என்று இருக்கிறது, கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்ற பொருளோடு. இன்றைய ஆங்கில அகராதியில் முதலில் வருவது இரண்டு உடற்பகுதிகள் கொண்ட படகு. நாகப்பட்டினத்து மீனவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் தன் மரம் என்று சத்தியமாக ஒத்துக்கொள்ள மாட்டார். பட்டியல் போடுகிறவர் இரண்டில் எந்தப் பொருளைத் தருவார்? எந்த ஆண்டுப் புத்தகம் கையில் கிடைத்ததோ அதை.

தேர்வு நடத்துகிறவர்களிலும் சிலர் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டது. பத்தியைப் படித்து அங்கே பொருந்தும் சொல்லைத் தேடச் சொல்கிறது. கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. 2016 மார்ச்சில் அபூர்வச் சொற்களைக் கைவிட்டது. நம் நாட்டுப் பணியாளர் தேர்வுகள் இன்னும் பழைய பாட்டையே பாடுகின்றன. அவை மாறும்வரை நீங்கள் படிக்கத்தான் வேண்டும், படியுங்கள். ஆனால் படிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்யுமுன் நல்ல அகராதி ஒன்றில் தேடுங்கள், கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதாவது அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள்: 'ஆர்கேயிக்', 'ஓல்ட் ஃபேஷண்ட்', 'லிட்டரரி'. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி எந்தச் சொல்லையும் வெளியே தள்ளுவதில்லை. செத்ததற்குக் குத்துவாள் குறி மட்டும் போட்டு உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஆகவே அகராதியில் இருக்கிறதே என்பது ஒரு சமாதானம் ஆகாது. அடைமொழி இருந்தால் அந்தச் சொல் தேர்வுத் தாளோடு நிற்கட்டும், விண்ணப்பத்துக்கு வேண்டாம். பிறகு அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். நீங்கள் சொந்தமாகச் செய்த வாக்கியம் கூடாது. வேறொருவர் உண்மையில் எழுதியது, செய்தித்தாளில் வந்ததாக இருந்தாலும் சரி. அப்படி ஒரு வாக்கியம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சொல்லை நேர்காணலில் சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

பழைய சொற்கள் மேல் ஆசை வந்துவிட்டால் அதைத் தடுக்கவும் மாட்டேன். ஜான்சனின் அகராதி முழுவதும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மதிப்பெண்ணை மறந்துவிட்டு, எந்த எழுத்தையாவது திறந்து, மேற்கோள்களோடு சேர்த்துப் படியுங்கள்.

கடைசியாக, இந்தக் கட்டுகளைத் தொகுத்து விற்கும் பயிற்சி மையத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் வலதுபக்கம் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் அந்தச் சொல் இன்று வழக்கில் இருக்கிறதா இல்லையா என்று. மற்றொன்றில் அதை யாராவது எழுதிய ஒரு வாக்கியம். பக்கம் கூடும், சொல் எண்ணிக்கை குறையும், அட்டையில் 'ஐயாயிரம் சொற்கள்' என்று போட முடியாமல் போகும். விலையை நாற்பது ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள். என் மாணவர்களுக்கு நானே வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆங்கில ஆசிரியர் ஒருவர்